ஒண்ணு, ரெண்டு, அஞ்சு

செல்வமேரியைப் பற்றி எழுதும் அருகதை எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்த மலையில் வேறு யாரும் அவளைப் பற்றி நாலு வரி எழுதப்போவதில்லை. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் பஞ்சாயத்தின் குப்பை பிரிக்கும் கொட்டாய் ஒன்று இருக்கிறது. மேலே தகரம், மூன்று பக்கம் கம்பிவலை, கீழே சிமெண்டுத் தரை. சுற்றுலா வந்தவர்கள் குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில், ரிசார்ட்டுகளில் தீர்ந்துபோன ஷாம்பு டப்பா, வீடுகளிலிருந்து வரும் அட்டைப்பெட்டி, எண்ணெய்க் கேன் எல்லாம் பேட்டரி வண்டியில் அங்கேதான் வந்து இறங்கும். மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று அடிவாரத்திலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அந்தப் போர்டைப் படித்துவிட்டுத்தான் பாட்டிலோடு மேலே வருகிறார்கள். வந்து விழுவதையெல்லாம் தரம் பார்த்துப் பிரித்து, மூடியைக் கழற்றி, குதிகாலால் மிதித்து நசுக்கி, சாக்கில் அடைப்பது செல்வமேரியின் வேலை. நசுக்காமல் போட்டால் சாக்குக்கு நாற்பது பாட்டில் பிடிப்பதே பெரிய விஷயம். சனிக்கிழமை சேலத்திலிருந்து லாரி வந்து சாக்குகளை ஏற்றிப் போகும்.

அவள் கணவன் ஆண்டனி ராஜ் எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில், சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி பனி ஈரத்தில் வழுக்க, கீழே விழுந்தான். இடுப்பு போயிற்று. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருவான், அதற்கு மேல் முடியாது. அவர்களுக்கு ஒரே குழந்தை, ஈவ்லின். நான் இதை எழுதக் காரணமான விஷயம் நடந்தபோது அவளுக்கு நாலு வயது.

நான் அவளுடைய அங்கன்வாடி டீச்சர். பெயர் ஹேமலதா. சேலத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டவுனில் இறங்கி ஜீப் மாறி மஞ்சக்குட்டை வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். உதவியாளர் இடம் இரண்டு வருஷமாகக் காலி. சமைப்பது, கூட்டுவது, எடை பார்ப்பது, போனில் அதையெல்லாம் ஏற்றுவது எல்லாம் நானே. ஆகவே நான் பொறுமைசாலி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிற்பகலில் அங்கன்வாடி விட்டதும் ஈவ்லின் கொட்டாய்க்குப் போய்விடுவாள். அப்பாவால் அவளைத் துரத்திப் பிடிக்க முடியாது, அதனால் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். ஒருநாள் ஜீப் வரத் தாமதமானதால் நானும் அங்கே போய் நின்றேன். குப்பைக்கு நடுவில் குழந்தையை உட்கார வைத்திருக்கிறாளே என்று திட்டத்தான் போனேன்.

ஈவ்லின் முன்னால் இருபது பாட்டில்கள் மூடியில்லாமல் நின்றன. மூடிகள் தனியாக ஒரு கூடையில். எந்த வாய்க்கு எந்த மூடி என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். பெரிது, சிறிது, உள்மரை, வெளிமரை என்று சரசரவென்று போட்டுக்கொண்டே போனாள். அது முடிந்ததும் செல்வமேரி ஐந்து டப்பாக்களைக் கொடுத்தாள். ஒன்றில் காப்பிக்கொட்டை, ஒன்றில் மிளகு, ஒன்றில் ராகி, ஒன்றில் சின்னக் கல், ஒன்று காலி. குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டு எது என்ன என்று சொல்ல வேண்டும். ராகிக்கும் மிளகுக்கும் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. ஈவ்லினுக்குத் தெரிந்தது. பிறகு ஷாம்பு டப்பாவில் நாலு மூடியைக் குச்சியில் கோத்து அம்மா ஒரு வண்டி செய்து தர, அதைத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினாள். பற்பசை அட்டைகளை வெட்டி எழுத்துகள் செய்து வைத்திருந்தாள் செல்வமேரி. எட்டாவதோடு நின்றவள். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யார் சொல்லித் தரோணுங்க டீச்சர். பாட்டல் கெடக்குது, புள்ள கெடக்குது" என்றாள்.

எண்களையும் அங்கேதான் படித்திருந்தாள் குழந்தை. பிளாஸ்டிக் சாமான் எதைத் திருப்பினாலும் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தச் சாக்கு என்று முடிவு செய்வார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தண்ணீர் பாட்டில் ஒன்று, ஷாம்பு டப்பா இரண்டு, கெட்டியான டப்பா ஐந்து. மூன்றும் நாலும் அந்தக் கொட்டாய்க்கு அநேகமாக வருவதில்லை. அதனால் ஈவ்லின் எண்ணும்போது ஒண்ணு, ரெண்டு, அஞ்சு என்றுதான் எண்ணுவாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நாலரை மணிக்குச் செல்வமேரி, "போதுஞ் சாமி, எடுத்து வெய்யி" என்றாள். ஈவ்லின் வண்டியைக் கையில் எடுத்தாள். சக்கரங்களை உருவி மூடிக் கூடையில் போட்டாள். டப்பாவைத் தரையில் படுக்க வைத்து, குதிகாலைத் தூக்கி ஒரே மிதி. தட்டையானதை இரண்டாம் நம்பர் சாக்கில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஒரு மணி நேரம் கொஞ்சிக்கொண்டிருந்த வண்டி அது. முகத்தில் வருத்தமே இல்லை. கொட்டாயில் இருப்பது பஞ்சாயத்துச் சொத்து, ஒன்றும் வீட்டுக்குப் போகக் கூடாது, லாரிக்குக் கணக்காகப் போக வேண்டும் என்பதால் செல்வமேரி வைத்த சட்டம் அது. விளையாடி முடித்தால் நசுக்கிப் போட வேண்டும். நாளைக்கு வேறு வரும். எனக்குத்தான் மனசு என்னவோ செய்தது.

இந்த இடத்தில் என் பீரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கன்வாடிக்கு ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கிறார்கள். கார், பொம்மை, அடுக்கு வளையம், குட்டி டீ செட் எல்லாம் உண்டு. பட்டியல் போட்டு என் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உடைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லிப் பழக்கமில்லாததால் அத்தனையும் உறை பிரிக்காமல் இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். மாதம் ஒரு நாள் வெளியே எடுத்துக் குழந்தைகள் முன்னால் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து, போனில் ஏற்றிவிட்டு மறுபடி பூட்டிவிடுவேன். எனக்குத் தெரிந்த டீச்சர்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். இதைத் தப்பு என்றுகூட அப்போது நான் நினைக்கவில்லை.

அந்த வருஷம் வீணான பொருட்களில் கற்றல் சாமான் செய்து கொண்டுவாருங்கள் என்று எங்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மற்ற டீச்சர்கள் சேலத்துக் கடையில் புதுப் பேப்பர் கப்பும் புது ஐஸ் குச்சியும் வாங்கி ஒட்டினார்கள். குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய கூட்டம் நாங்கள். நான் மட்டும் செல்வமேரியிடம் சத்த டப்பாக்களையும் மூடிக் கூடையையும் கேட்டு வாங்கிப் போனேன். முதல் பரிசு. சான்றிதழில் என் பெயர். அவளிடம் வந்து சொன்னபோது, நம்ம டப்பாவுக்கா என்று இரண்டு முறை கேட்டுச் சந்தோஷப்பட்டாள். சான்றிதழில் யார் பெயர் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கடனைத் தீர்க்க நினைத்துத்தான் கான்வென்ட் சீட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு குழந்தையை, எஸ்டேட்டிலோ கூலி வேலையிலோ இருக்கிற குடும்பமாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு, யூனிஃபார்ம், பஸ் எல்லாம் அவர்களே. பன்னிரண்டாவது வரை கைவிடமாட்டார்கள். ஆனால் எல்.கே.ஜி.யில் மட்டும்தான் சேர்ப்பார்கள், அதனால் ஒரு குழந்தைக்கு ஒரே முறைதான் வாய்ப்பு. செல்வமேரி நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த பாட்டிலைக் கீழே போடவில்லை.

"இந்தச் சாக்கு மொகத்துல அவ முழிக்கக் கூடாதுங்க டீச்சர். எப்படியாச்சும் அங்க தள்ளி உட்ருங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் வேறு எதையுமே பேசவில்லை. ஆண்டனி ராஜும் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கன்வாடி வரை ஒருநாள் வந்துவிட்டான், எப்படி வந்தான் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். விண்ணப்பத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இருந்தது. நான் அடுத்த ஒரு மாதம் ஈவ்லினை மடியில் வைத்து மூன்றையும் நாலையும் அவள் மண்டையில் ஏற்றினேன். சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பித்தவர்களில் இரண்டு குழந்தைகளை மட்டும் நேரில் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஈவ்லின் ஒருத்தி.

பரீட்சை எதுவும் கிடையாது, அரை மணி நேரம் விளையாட விட்டுப் பார்ப்போம் என்று பள்ளிக்கூடத்தை நடத்தும் சிஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்டதும் செல்வமேரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெளையாடறதுக்கா எம் புள்ளைக்குச் சொல்லித் தரோணும் என்று ஜீப்பில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தலைக்கு எண்ணெய் வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டிருந்தாள். பொருத்தமில்லாத பெரிய செருப்பு, அது மட்டும் யாரிடமோ கேட்டு வாங்கியது.

பெற்றோர் பக்கத்தில் இருந்தால் குழந்தை இயல்பாக இருக்காது என்று செல்வமேரியை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். டீச்சர் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் இல்லை. குள்ளமான மேசையில் கார், கெட்டில், கோப்பைகள், அடுக்கு வளையம், ஒரு பொம்மை எல்லாம் வைத்து, "இதெல்லாம் உனக்குத்தான்மா, விளையாடு" என்றார்.

ஈவ்லின் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போட்டோ எடுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். காரை ஓட்டவில்லை, பொம்மையை மடியில் வைக்கவில்லை. கெட்டிலைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். அது என்ன என்று சிஸ்டர் கேட்டார்.

"அஞ்சு" என்றாள் ஈவ்லின்.

சிஸ்டர் என்னவோ எழுதிக்கொண்டார். சரியாகத்தான் சொல்கிறாள், அடியில் பாருங்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். கெட்டில் மூடி, அடுக்கு வளையம் எல்லாவற்றையும் அவள் கழற்றிக் கலைத்துப் போட்டு மறுபடி பொருத்தியதையும் சிஸ்டர் பார்த்தார், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்க்க நினைத்தது டீ ஊற்றிக் கொடுக்கிற குழந்தையை. ஈவ்லின் வாழ்நாளில் ஒரு டீ செட்டைத் தொட்டதில்லை, என் புண்ணியத்தில்.

அரை மணி முடிந்தது. சிஸ்டர் ரொம்பக் கனிவாக, "போதும் கண்ணு, எல்லாத்தையும் எடுத்து வெச்சிரு பார்ப்போம்" என்றார்.

அந்த வார்த்தைக்கு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் அவள் செருப்பைச் சரி செய்துகொண்டு, கெட்டிலின் மூடியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, கெட்டிலைத் தரையில் படுக்க வைத்துக் குதிகாலால் மிதித்தாள். அது பாட்டில் மாதிரி நசுங்கவில்லை, பட்டென்று பிளந்தது. பயப்படாமல் காரை எடுத்தாள். சக்கரம் உருவ வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்து மிதித்தாள். மூன்றாவதாகப் பொம்மையை எடுத்துக் கழுத்தைத் திருகியபோது சிஸ்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஈவ்லின் முகத்தில் கோபமோ முரண்டோ துளியும் இல்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்த பிள்ளை பாராட்டை எதிர்பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிளந்த கெட்டிலைக் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தார் சிஸ்டர். பிறகு திரும்பி, அங்கன்வாடியில் இந்தக் குழந்தை விளையாட்டுச் சாமான்களோடு விளையாடியிருக்கிறாளா என்று என்னிடம் கேட்டார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார், பீரோவைப் பற்றிச் சொல்லியிருப்பேன், கொட்டாயைப் பற்றிச் சொல்லியிருப்பேன், அவர் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் அந்த மாதம்தான் எங்களுக்கு ஆடிட். என் மேலதிகாரி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வந்து போகிறவர். மாதாமாதம் நான் ஏற்றிய போட்டோக்கள் அத்தனையும் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"தினமும் விளையாடுவாளுங்க சிஸ்டர். அங்க நல்லாத்தான் இருப்பா" என்றேன்.

அப்படியானால் வீட்டில் ஏதாவது பிரச்சினையா, அப்பா வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறதே, அடிதடி ஏதும் உண்டா என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். ஆண்டனி ராஜ் ஓர் ஈயைக்கூட அடிக்க முடியாதவன். எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து சிஸ்டர் செல்வமேரியிடம் இரண்டு நிமிஷம் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஜீப்பில் திரும்பும்போது செல்வமேரி குழந்தையிடம் உள்ளே என்ன பண்ணினாய் என்று கேட்டாள். வெளையாண்டேன், அப்புறம் எடுத்து வெச்சேன்மா என்றாள் ஈவ்லின். செல்வமேரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டிய பிறகு, இறங்கித் திரும்பிப் போய் சிஸ்டரிடம் சொல்லிவிடலாமா, நீங்கள் சொன்னால் கேட்பார்களே என்று என்னைக் கேட்டாள். இப்போது போய்ச் சொன்னால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள், கடிதம் வரட்டும் என்றேன். நான் படித்தவள் என்பதால் அவள் நம்பினாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இடம் இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஈவ்லினுக்கு மனநல ஆலோசனை தேவைப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆண்டனி ராஜ் அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

செல்வமேரி அதற்கப்புறம் கொட்டாயில் குழந்தையிடம் எதையும் கொடுப்பதில்லை. ஒரு சாக்கை விரித்து அதன்மேல் உட்கார வைத்துவிடுகிறாள். ஒருநாள் போனபோது ஈவ்லின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உருண்டு வந்த ஒரு மூடியைக் காலால் தள்ளிவிட்டாள். மனசு கேட்காமல் மறுநாள் நான் பீரோவைத் திறந்து உறைகளைப் பிரித்து எல்லாவற்றையும் குழந்தைகள் முன்னால் கொட்டினேன். மற்ற பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஈவ்லின் சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டாள். வா கண்ணு என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. பீரோவை அதற்கப்புறம் நான் பூட்டுவதில்லை, ஆனால் அதனால் அவளுக்கு என்ன லாபம்?

ஜூன் மாதம் கான்வென்ட் திறந்த அன்று செல்வமேரி அங்கன்வாடிக்கு வந்தாள். முந்தானையில் ஐந்தாறு ஆரஞ்சு முடிந்து கொண்டுவந்திருந்தாள். சீட் கிடைத்தால் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தாளாம், கிடைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான் என்றாள். நான் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தேன்.

"அன்னைக்கு சிஸ்டர் சொன்னாங்க டீச்சர். எம் புள்ள அங்கன்வாடியில நல்லாத்தான் வெளையாடுதுன்னு நீங்க சொன்னீங்களாமா. அந்த எடத்துல அவளுக்காவ நல்ல வார்த்த சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க. நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட அன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. பரவாயில்லை செல்வமேரி என்று சொல்லி, ஆரஞ்சை வாங்கிக்கொண்டேன்.